வாசலருகே ஒரு பேழை

செவ்வாய்க் கிரகத்தில் மிளகாய்த்தூள் மூட்டைகளும் குடும்பங்களும் ஒரே கிடங்கில்தான் இருந்தன. ஒப்பந்தம் முடியும்வரை வேலையாட்களின் மனைவி மக்களுக்குச் சாப்பாடு போடுவது வீண் என்று கம்பெனி அவர்களைத் துயில்பேழைகளில் உறங்க வைத்திருந்தது.

கிடங்கை ஆண்டது ‘அடுக்கி’ என்ற இயந்திர மூளை. அடிக்கடி கேட்கும் சரக்கை அது வாசலருகே வைக்கும். சேர்த்துக் கேட்பவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கும். கேட்க ஆளில்லாதது பின்னால் போய்க்கொண்டே இருக்கும். பேழைக்கும் அதே சட்டம்தான்.

இசக்கிமுத்துவின் மனைவி தவமணி அப்படித்தான் கடைசி வரிசைக்குப் போய்விட்டாள். அங்கே மின்சாரம் தடுமாறும். போன புழுதிப்புயலில் அந்த வரிசையில் இரண்டு பேழைகள் அணைந்துபோயின.

“கம்பெனில சொன்னா மாத்தித் தருவாவளா எக்கா?” என்று கூட வேலை பார்க்கும் ஜெபக்கனியிடம் கேட்டான்.

“அடுக்கிகிட்ட கேளும்பாவ. ஊர்ல கிடங்குல நாங்க ஒண்ணு செய்வோம். தூரத்துச் சரக்கைச் சும்மா ஆர்டர் போட்டு, வந்ததும் வேண்டாம்னு திருப்பிருவோம். நாலு தடவை செஞ்சா தன்னால முன்னால வந்துரும்.”

“மாட்டிக்கிட்டா?”

“ஒம் பொண்டாட்டியத்தானலே கேக்க. அடுத்தவன் பொண்டாட்டியவா?”

அன்றிலிருந்து வேலை முடிந்ததும் இசக்கிமுத்து தவமணியைக் கேட்டான். பேழை சறுக்குப்பாதையில் வந்து நிற்கும். கண்ணாடியில் படிந்த பனியைத் துடைத்து, சாப்பாட்டில் உப்பில்லாதது வரை எல்லாம் சொல்லிவிட்டுத் திருப்பி அனுப்புவான். அங்கே அவனுக்கு வேறு பேச்சுத்துணை இல்லை. பேழை வரிசை வரிசையாக முன்னேறி, ஒருநாள் வாசலுக்கே வந்துவிட்டது. அன்று தன் பங்கு டீயையும் ஜெபக்கனிக்கே கொடுத்தான்.

மறுநாள் கேட்டபோது பேழை வரவில்லை.

“அந்தச் சரக்கு காலையில் வெளியேற்றப்பட்டது,” என்றது அடுக்கி, பணிவாக.

“வெளியேத்துனியா? எதுக்கு? அவ நல்லாத்தான இருந்தா?”

“பூமிக் கிடங்குகளின் பழைய கணக்குகளைப் படித்துத்தான் நான் தொழில் கற்றேன். வரவழைத்துப் பார்த்துவிட்டு மனிதர்கள் திருப்பிக்கொண்டே இருந்தால் பொருளில் குறை. குறையுள்ளதை வெளியேற்ற வசதியாகத்தான் வாசலருகே வைத்தேன்.”

“எனக்கு அவ வேணும்.”

“வேண்டியதை யாரும் அத்தனை முறை திருப்பியதில்லை.”

சறுக்குப்பாதை அசைந்தது. வேறொரு பேழை வந்து நின்றது. அதே உயரம், அதே எடை. பனிக்குப் பின்னால் யாரோ ஒருத்தி தூங்கிக்கொண்டிருந்தாள்.

“அதற்குப் பதில் இது. பிடிக்காவிட்டால் வழக்கம்போலத் திருப்பி அனுப்பலாம்,” என்றது அடுக்கி.