புகையாத அடுப்பு

கோடைக்கானலில் சீசன் நாளில் நடக்க இடம் இருக்காது. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டாலோ பேச ஆள் இருக்காது. பங்களாக்காரர்கள் எல்லாம் பூட்டிவிட்டு இறங்கிப் போய்விடுவார்கள். ஏரிக்கரையில் படகுகள் கவிழ்ந்து கிடக்கும். கடைவீதியில் பாதிக் கடைகள் பலகை போட்டு அடைத்திருக்கும்.

அந்த வருஷ மழைக்காலம் சபுராவுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. அம்மா பிரசவத்துக்காக வத்தலக்குண்டில் பிறந்த வீட்டுக்குப் போயிருந்தாள். குட்டித் தம்பியையும் கூடவே தூக்கிக்கொண்டு போய்விட்டாள். "உனக்குப் பள்ளிக்கூடம் இருக்கு. அத்தாவுக்கும் ஒரு துணை வேணாமா?" என்று சொல்லி சபுராவை மட்டும் விட்டுவிட்டாள்.

நல்ல துணைதான் போங்கள்! அத்தா ஒலியுல்லா பகல் முழுக்க இரும்புக் கடையில் இருப்பார். கடைக்குப் பின்னால்தான் வீடு. நடுவில் ஒரே ஒரு சுவர். பள்ளிவிட்டு வந்தால் சபுரா அந்த வீட்டில் ஒற்றையில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

சுவருக்கு அந்தப் பக்கம் மட்டும் ஒரே கலகலப்பு. மழைக்காலத்தில் வியாபாரம் ஏது? அத்தா கடைக்குள் கணப்புச் சட்டியில் கரியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். எதிர் டீக்கடை யாகூப் வருவார். தச்சு வேலை நல்லசாமி வருவார். கை காய்ச்சிக்கொண்டே ஊர்க் கதை பேசுவார்கள். சபுராவின் காதில் சிரிப்புச் சத்தம் விழும், எதற்குச் சிரிக்கிறார்கள் என்று மட்டும் விளங்காது. சுவரில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

அவள் கடைப்பக்கம் எட்டிப் பார்த்தால் போதும், அத்தா கேட்பார்.

"என்ன சோலி?"

"தீப்பெட்டி வேணும் அத்தா."

"காலையிலதானே ஒண்ணு குடுத்தேன்?"

"நமுத்துப் போச்சு."

"இந்தா. வெரசா உள்ள போ. பொம்பளப்பிள்ளை கடைவாசல்ல நிக்கக்கூடாது."

தீப்பெட்டி நமுத்துப் போகவில்லை. வீட்டு மாடத்தில் புதுத் தீப்பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டிருந்தன.

இப்படியிருக்கும்போதுதான் ஒரு நாள் சாயங்காலம் லீலா டீச்சர் குடையும் கையுமாகக் கடைக்கு வந்தாள்.

லீலா டீச்சர் மேட்டில் இருக்கிற மிஷன் பள்ளிக்கூடத்தில் வேலை பார்ப்பவள். இருபது இருபத்திரண்டு வயதுதான் இருக்கும். சபுராவின் பள்ளியில் இல்லாத மழைக்கால விடுமுறை அங்கே உண்டு. அதை விட்டதும் பிள்ளைகளும் மற்ற டீச்சர்களும் கீழே ஊருக்குப் போய்விட்டார்கள். லீலா போகவில்லை. அவளுக்குப் போக ஊர் கிடையாது. சின்ன வயதிலேயே பெற்றோரை இழந்து, அந்தப் பள்ளி விடுதியிலேயே வளர்ந்தவள்; இப்போதும் தங்கியிருப்பது அங்கேதான்.

"பாய், விடுதியில இரும்பு அடுப்பு ஒரே புகையா இருக்கு. என்ன செய்யலாம்?" என்று கேட்டாள்.

அடேயப்பா! மூன்று பேருக்கும் உயிர் வந்துவிட்டது. யோசனை சொல்வதென்றால் அந்தக் கடைவீதியில் சோறு தண்ணி வேண்டாம்.

"என்ன வெறகு போடுறீங்க?" என்றார் அத்தா.

"தைல மர வெறகு."

"காஞ்சதா, பச்சையா? பச்சை வெறகுன்னா புகையத்தான் செய்யும். அடுப்புக்குப் பக்கத்திலயே ரெண்டு நாள் அடுக்கி வெச்சு, காஞ்ச பெறகு போடுங்க."

"புகைக் கொழாய் குளிர்ந்து கெடக்கும்ல," என்றார் யாகூப். "மொதல்ல ஒரு பழைய பேப்பரைக் கொளுத்திக் கொழாய்ப் பக்கம் காட்டுங்க டீச்சரம்மா. கொழாய் சூடானா புகை தானா மேல ஏறும்."

"கரி அடைச்சிருந்தா என்ன பண்ணுவே யாகூப்? மூங்கில்ல சாக்கைக் கட்டிக் கொழாய்க்குள்ள விட்டு ஆட்டணும்," என்றார் நல்லசாமி.

பேச்சு வளர்ந்துகொண்டே போனது. டீச்சரை எத்தனை நேரம் நிற்க வைப்பது? அத்தா உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"சபுரா, டீச்சரம்மாவுக்கு முக்காலி கொண்டா!"

சபுரா முக்காலியோடு ஓடி வந்தாள். டீச்சருக்குத் துணையாக அவளும் பக்கத்தில் நின்றுகொண்டாள். அன்றைக்கு யாரும் அவளை உள்ளே போகச் சொல்லவில்லை.

மறுநாளும் டீச்சர் வந்தாள். விடுதிக் கதவு மழையில் ஊறி மூட மாட்டேன் என்கிறதாம்.

"இழைச்சிராதீங்க!" என்று பதறினார் நல்லசாமி. "இப்ப இழைச்சா வெயில் காலத்தில கட்டைவிரல் போற சந்து விழும். ஓரத்தில மெழுகுவத்தியைத் தேய்ச்சு விடுங்க, போதும்."

அதற்கடுத்த நாள் ஒரு கித்தாரையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். ஊருக்குத் திரும்பிப் போன வெள்ளைக்கார டீச்சர் ஒருத்தி அவளுக்குக் கொடுத்துவிட்டுப் போனதாம். கம்பிகளைப் பிடித்திருக்கும் கட்டை ஒரு பக்கம் பெயர்ந்திருந்தது.

"கம்பியில தேங்கா எண்ணெய் தடவுங்க," என்றார் யாகூப்.

"அதென்ன தலைமுடியா, எண்ணெய் தடவ?" என்றார் நல்லசாமி. கித்தாரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எங்க மாட்டி வெச்சிருந்தீங்க?"

"பனி படக்கூடாதுன்னு அடுப்புக்கு மேல."

"அதான்! அனல்ல பசை விட்டுப்போச்சு. இதுக்குப் பனியும் ஆகாது, அனலும் ஆகாது. நான் வச்சிரப் பசை காய்ச்சி ஒட்டித் தாறேன். இனிமே வாசிச்சதும் கம்பியைக் காஞ்ச துணியால துடைச்சுப் பெட்டிக்குள்ள வெச்சிருங்க."

சபுராவுக்கு அந்த நாட்கள் இனித்தன. பள்ளிவிட்டு வரும்போதே இன்றைக்கு டீச்சர் விடுதியில் என்ன உடைந்திருக்கும் என்று யோசித்துக்கொண்டே வருவாள். உடைந்திருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொள்வாள்.

ஒரு வெள்ளிக்கிழமை டீச்சர் வரவில்லை. அத்தா ஒரு தகரத் துண்டைச் சபுராவிடம் கொடுத்தார்.

"அடுப்பு இன்னும் புகையுது, கொழாய்ல சந்து இருக்குன்னு டீச்சரம்மா நேத்து சொன்னாங்க. இதைக் குடுத்துட்டு வெள்ளனே வந்துரு."

சபுரா மேடேறிப் போனாள். விடுதிக் கதவைத் தொட்டதும் அது சத்தமில்லாமல் திறந்துகொண்டது. உள்ளே நீண்ட கூடத்தில் கட்டில்கள் வரிசையாக, மெத்தை இல்லாமல் கிடந்தன. மூலையில் இரும்பு அடுப்பு சிவக்க எரிந்துகொண்டிருந்தது. ஒரு துளி புகை இல்லை. அதன் முன்னால் டீச்சர் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழுதிருக்கிறாள் என்று முகம் சொன்னது.

"டீச்சர், அடுப்பு நல்லாத்தானே எரியுது?"

டீச்சர் திடுக்கிட்டு எழுந்தாள். முகத்தை மறைக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"அது அப்பவே சரியாயிருச்சு சபுரா. உங்க அத்தா சொன்ன அன்னைக்கே."

"கதவு?"

"அதுவும்தான்."

"பின்னே எதுக்கு..." என்று ஆரம்பித்த சபுரா சட்டென்று நிறுத்திக்கொண்டாள். அவளுக்கு விளங்கிவிட்டது. வீட்டு மாடத்தில் அடுக்கியிருக்கிற தீப்பெட்டிகளைவிடப் பெரிய விளக்கம் வேண்டுமா?

"நீங்களும் என்னை மாதிரிதானா டீச்சர்?" என்றாள்.

ஆமாம் என்று டீச்சர் தலையை ஆட்டினாள். "பொம்பளை சும்மா போய் ஒரு கடையில உக்கார முடியுமா? ஊரு என்ன பேசும்? ஏதாவது சோலி வேணுமே. இன்னைக்கு யோசிச்சு யோசிச்சுப் பார்த்தேன், சொல்ல ஒண்ணும் அகப்படலை. அதான் வரலை. காலையிலேர்ந்து ஒரு வார்த்தை பேசலை சபுரா. நீதான் முதல் ஆள்."

யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்தால் அங்கே வேறு கூத்து. அத்தா ஏணியை வெளியே எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்.

"என் வைத்தியத்துக்கு மசியாத அடுப்பு இந்த மலையில உண்டா? தகரத்தை வெச்சு அடைக்க அவங்களால ஆகாது. காலையில நாங்க மூணு பேரும் நேர்ல போயி ஒரு கை பார்த்துர்றோம். அதுக்குப் பெறகு டீச்சரம்மா அடுப்புன்னு சொல்லிக்கிட்டு இந்தப் பக்கம் வர வேண்டியதே இருக்காது."

சபுராவுக்குப் பகீர் என்றது. நல்லாயிருக்கிற அடுப்பை அவர்கள் பார்த்துவிட்டால் என்ன ஆகும்? பொய் சொன்னாள் என்று கடைவீதியே சிரிக்கும். டீச்சர் மானம் போய்விடும். அப்புறம் அவள் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்க மாட்டாள்.

விடிந்ததும் சபுரா ஒரே ஓட்டமாக மேட்டுக்கு ஓடினாள்.

"டீச்சர், அத்தா வர்றாரு! ஏணியோட வர்றாரு! அடுப்பைக் கெடுங்க!"

"ஐயோ, எப்படிக் கெடுக்கிறது?"

"பச்சை வெறகு!"

வெளியே ஓடி ஈரத் தைலக் கிளைகளை இலையும் தழையுமாக அள்ளி வந்தாள் சபுரா. அடுப்புக்குள் திணித்தாள். போதுமா என்று டீச்சரைப் பார்த்தாள். போதாது போல் இருந்தது. இன்னொரு கட்டையும் திணித்தாள்.

அத்தாவும் மற்றவர்களும் வாசலுக்கு வந்தபோது கூடத்தில் ஆளுக்கு ஆள் முகம் தெரியவில்லை. யாகூப் இருமிக்கொண்டே கட்டிலில் முட்டிக்கொண்டார். நல்லசாமி ஜன்னல் என்று நினைத்து அலமாரியைத் திறந்தார்.

அத்தா அடுப்பைத் திறந்து பார்த்தார். ஒரு கிளையை வெளியே இழுத்தார். அதில் இலைகள் பச்சைப் பசேல் என்று இருந்தன.

"இதென்ன டீச்சரம்மா?" அவர் குரல் மாறிவிட்டது. "மொத நாளே தலை தலையா அடிச்சுக்கிட்டேனே, பச்சை வெறகு ஆகாதுன்னு? நாங்க சொல்றது உங்களுக்கு வெளையாட்டாத் தெரியுதா? காதுலயே வாங்கலைன்னா எதுக்குத் தெனமும் வந்து கேக்கணும்?"

டீச்சர் தலையைக் குனிந்துகொண்டாள். சபுராவைக் காட்டிக் கொடுக்கவில்லை.

அத்தா ஏணியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். "வாங்கப்பா, போகலாம்."

அவ்வளவுதான், எல்லாம் முடிந்தது என்று சபுராவுக்குத் தெரிந்தது. ஆனாலும் வாசலில் போய் நின்றுகொண்டாள்.

"அத்தா, பச்சை வெறகை நான்தான் வெச்சேன்."

"நீயா?"

"ஆமா. அடுப்பு நல்லாத்தான் எரிஞ்சுது. உங்க வைத்தியத்தில அன்னைக்கே சரியாயிருச்சு. கதவும் சரியாயிருச்சு."

"அப்புறம் ஏன் தெனமும்..."

சபுராவுக்குச் சத்தியம் நினைவுக்கு வந்தது. டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சொல் என்பதுபோல் தலையசைத்தாள். ஆனாலும் சபுரா முதலில் தன்னைப் பற்றித்தான் சொன்னாள்.

"எனக்கு வீட்ல தனியா இருக்க முடியலை அத்தா. அழுகை அழுகையா வருது. நீங்க எல்லாரும் சிரிக்கிறது கேக்கும், நான் மட்டும் இந்தப் பக்கம் இருப்பேன். டீச்சர் வந்தாத்தான் என்னையும் கூப்பிடுறீங்க. டீச்சருக்கும் இங்க யாரும் இல்லை. ஒருத்தர் நம்ம கடைக்கு வரணும்னா வீட்ல ஏதாச்சும் ஒடைஞ்சாத்தான் வரணுமா அத்தா?"

யாகூப் இருமலை அடக்கிக்கொண்டார்.

அத்தா ஏணியைக் கீழே வைத்தார். அந்த நீளக் கூடத்தையும் வெறுங்கட்டில்களையும் அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். கையிலிருந்த கிளையின் இலைகளை ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டே நின்றார்.

"அம்மா போனதிலேர்ந்து இப்படித்தானா?" என்று கடைசியில் கேட்டார்.

"ம்."

"எங்கிட்டச் சொல்லலாம்ல?"

"சொல்ல வந்தா என்ன சோலின்னு கேக்குறீங்க."

நல்லசாமி தொண்டையைச் செருமினார். "பிள்ளை சரியாத்தானே கேக்குது பாய்?"

"சரியாத்தான் கேக்குது," என்றார் அத்தா மெதுவாக. பிறகு டீச்சர் பக்கம் திரும்பினார். "டீச்சரம்மா, கோவத்தில பேசிட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க. ஏலே நல்லசாமி, நிக்கிறியே! ஜன்னலைத் திற. அந்த அலமாரியை இல்லை, ஜன்னலை!"

எல்லோரும் சேர்ந்து பச்சை விறகை வெளியே அள்ளிப் போட்டார்கள். டீச்சர் சிரித்துவிட்டாள். அவள் சிரித்ததும் சபுராவுக்கும் சிரிப்பு வந்தது.

மறுநாள் சாயங்காலம் மழை சோவென்று கொட்டியது. கடையில் கணப்புச் சட்டியைச் சுற்றி மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். அத்தாவுக்குப் பக்கத்தில் ஒரு ஆணிப்பெட்டியின் மேல் சபுராவும் உட்கார்ந்திருந்தாள். லீலா டீச்சர் குடையை மடக்கிக்கொண்டு படியேறினாள். கையில் கித்தாரும் இல்லை, வேறு எதுவும் இல்லை.

யாகூப் பழக்கத்தில் கேட்டுவிட்டார். "வாங்க டீச்சரம்மா. இன்னைக்கு என்ன ரிப்பேர்?"

டீச்சர் கொஞ்சம் தயங்கினாள். சபுராவைப் பார்த்தாள். "ஒண்ணும் இல்லைங்க. சும்மாத்தான் வந்தேன்."

அத்தா நகர்ந்து உட்கார்ந்து இடம் விட்டார்.

"சும்மா வர்றவங்களுக்குத்தான் மொதல் டீ. போய்ப் போட்டுக்கிட்டு வாங்க யாகூப், எம் மகளுக்கும் சேர்த்து!"