வைக்கோல் கன்று

லெதர் ஜாக்கெட்டின் காலரில் ரோமம் முளைத்திருந்தது. வைக்கோல் தூசி என்று நினைத்து ஜோதிலட்சுமி துடைத்தாள். போகவில்லை. பிடித்து இழுத்தாள். பிடுங்கிக்கொண்டு வந்தது, வேரில் ரத்தம்.

அது அவள் புருஷன் கலையரசனுடையது. மறைமலைநகருக்கு பைக்கில் வேலைக்குப் போக ஆசை ஆசையாக வாங்கியது. பொத்தேரியில் படிக்கும் மகள் பூங்கொடி, தோழிகள் எதிரிலேயே, "மாட்டுப் பொணத்தப் போட்டுகினு என்னைப் பாக்க வராத நைனா" என்று சொன்ன அன்றே கழற்றி எறிந்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு இல்லாமல் சோறு இறங்காத பெண்ணுக்கு இந்த ஞானம் எங்கிருந்துதான் வந்ததோ!

பத்து நாள் முன்பு செவலைப் பசுவின் கன்று செத்தது. முன்பெல்லாம் கன்றின் தோலை உரித்து, வைக்கோல் அடைத்து, தாயின் முன் நிறுத்திப் பால் கறப்பார்கள். இப்போது அச்சரப்பாக்கம் பக்கம் தோல் உரிக்க யாரும் வருவதில்லை. ஏன் வர வேண்டும்? கன்றைப் புதைத்துவிட்டார்கள். பால் கட்டி, மடி கல்லாக இறுகி, பசு கதறியது. ஜோதிலட்சுமிதான் ஜாக்கெட்டுக்குள் வைக்கோலைத் திணித்து ஜிப்பை இழுத்துத் தொழுவத்தில் கட்டினாள். ஒரு தாயை ஏமாற்றுகிறோமே என்று உறுத்தியது. செவலை மோந்து பார்த்தது. நக்கியது. பால் சுரந்தது.

அன்றிலிருந்து, சமையற்கட்டிலும் குளியலறையிலும் படுத்தால் தலையணைக்குள்ளும், உப்புத்தாள் தேய்ப்பதுபோல் சொரசொரவென்று அந்த நாக்கின் சத்தமும், ஈரத்தோலும் பாலும் கலந்த வாடையும் அவளை விடவேயில்லை. தொட்டால் ஜாக்கெட் சூடாக இருந்தது.

மார்கழி விடியற்காலை. வைக்கோலை உதறிக் கொட்டிவிட்டு, கலையரசன் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு பைக்கைக் கிளப்பினான்.

"வேணாய்யா, அதுல உசுரு கீது. கழட்டிடு."

"உனக்கு இன்னா ஆச்சு? குளுருல நான் சாவணுமா? ஆளாளுக்கு ஒண்ணு சொல்லிகினு..."

ஜிப்பைக் கழுத்துவரை இழுத்தான். தொழுவத்தில் செவலை அலறியது. அதட்டிவிட்டு வருகிறேன் என்று உள்ளே போனான்.

வரவில்லை. வாசலில் பைக் உறுமிக்கொண்டே இருந்தது.

அவள் ஓடினாள். பனி. இருட்டு. நக்கும் சத்தம். கூடவே, சப்பும் சத்தம்.

கலையரசன் மடிக்கு அடியில் மண்டியிட்டிருந்தான். முதுகைப் பிடித்து இழுத்தாள். ஜிப் இல்லை. தையல் இல்லை. கதகதப்பான தோல் மட்டும்.

திரும்பினான். கண்கள் அவனுடையவைதான், அழுதன. அவள் பெயரைச் சொல்ல வாயைத் திறந்தான்.

"ம்மா..."

செவலை கொம்பைத் தாழ்த்திக்கொண்டு, அவர்கள் இருவருக்கும் நடுவில் வந்து நின்றது.