நீராவி அறையில் முதுகு தேய்த்தவள்

லண்டனுக்குச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களை நம்மவர்கள் எங்கெங்கே கூட்டிப்போவார்கள் என்பது தெரிந்த விஷயம்தான். அரண்மனை வாசல், பாலம், மெழுகுப் பொம்மைகள், கடைசியில் ஈஸ்ட்ஹாமில் ஒரு சீலைக்கடை. மனோர் பார்க் சிவனேஸ்வரி வேறு ரகம். தொண்ணூற்று நாலாம் ஆண்டு கோடை விடுமுறைக்கு ரொறன்ரோவிலிருந்து புருஷனோடு வந்து இறங்கிய தன் சின்னம்மாவின் மகள் சந்திரவதனாவை அவள் துருக்கிக் குளியலுக்குக் கூட்டிப்போகப் புறப்பட்டாள்.

கவுன்சில் நடத்திய பழைய குளியல் கூடம் அது. செவ்வாய்க்கிழமைகளில் பெண்களுக்கு மட்டும். சிவனேஸ்வரிக்கு முழங்கால் வலி வந்த நாளிலிருந்து அதுதான் மருந்து, அதுதான் கோயில். சூட்டறையில் ஒருக்கால் குந்தி எழும்பினால் பத்து வயது குறையும் என்று வருகிறவர் போகிறவரையெல்லாம் பிடித்துச் சொல்லுவாள்.

வதனாவுக்குப் போக ஆசையும் இருந்தது, பயமும் இருந்தது. பயம் புருஷனை நினைத்து.

செல்வரத்தினம் வெளியாட்களுக்குத் தங்கமான மனிதன். கோயிலில் அன்னதானத்துக்கு முன்னால் நிற்பான், யாருக்கு வீடு மாறினாலும் வந்து சாமான் தூக்குவான். வீட்டுக்குள் அவனுக்கு ஒரு பழக்கம் இருந்தது. கறியில் உப்புக் கூடினாலோ, கேளாமல் எங்காவது போய்வந்தாலோ, அவளைக் குளியலறைக்குள் தள்ளி வெளியே பூட்டிவிடுவான். கைநீட்டி அடித்ததில்லை என்பதில் அவனுக்குப் பெருமை வேறு. பூட்டுமுன் சுடுதண்ணீர்க் குழாயை முழுதாகத் திறந்துவிட்டு, அதன் பிடியைக் கழற்றிக் கையோடு கொண்டுபோய்விடுவான். ஆவியில் மூச்சு முட்டி அவள் கதவைத் தட்டுவாள். திறப்பது அவன் விருப்பம். தடவைக்குத் தடவை அந்த நேரம் நீண்டுகொண்டு வந்தது. ஒருநாள் இவன் திறக்கப் போவதில்லை என்று வதனாவுக்கு நன்றாகத் தெரியும். ஊரில் தாய்க்கு எழுதினால் பொறுத்துப் போ என்று பதில் வரும். ஆகவே எழுதவில்லை.

அவனுக்கு அவள் இரண்டாம் தாரம். எண்பதுகளில் லண்டனில் இருந்தபோது றோஸ்மலர் என்ற கிறிஸ்தவ வேதக்காரப் பெட்டையை விரும்பிக் கட்டியிருந்தான். சைவக்காரரும் கைகழுவினார்கள், வேதக்காரரும் கைகழுவினார்கள். பிறகு அவள் எவனோடோ டென்மார்க்குக்கு ஓடிவிட்டாள் என்று அவன் சொன்னான். எல்லாரும் நம்பினார்கள். வீட்டை மீறிக் கட்டினவள் கட்டினவனையும் விட்டு ஓடுவாள்தானே என்று நியாயம் வேறு பேசினார்கள். தேட ஆளில்லாதவளைப் பற்றி என்ன சொன்னாலும் எடுபடும்.

வீட்டுக் குளியலறையில் இந்தப் பாடுபடுகிற வதனா ஏன் ஆவிக் குளியலுக்குப் போக வேண்டும்? அங்கே எந்தக் கதவுக்கும் பூட்டில்லை, நினைத்தபோது எழும்பி வெளியே வரலாம் என்று சிவனேஸ்வரி பேச்சோடு பேச்சாகச் சொல்லியிருந்தாள். தானே திறக்கக்கூடிய ஒரு கதவுக்குப் பின்னால் ஒருமுறை இருந்து பார்க்க வேண்டும் என்று வதனாவுக்கு ஆசை வந்தது. அன்று செல்வரத்தினம் கிங்ஸ்பரியில் பழைய சிநேகிதன் ஒருவனைப் பார்க்கப் போயிருந்தான். அவனிடம் கேளாமலே புறப்பட்டாள்.

கூடத்தின் வாசலில் வெள்ளைக்காரக் கிழவி ஒருத்தி துவாய் தந்தாள். உள்ளே போனதும் வதனாவுக்குக் கண்ணை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பிறந்த மேனிக்குப் பெண்கள் சாய்ந்திருந்து பேப்பர் படித்தார்கள், தேத்தண்ணீர் குடித்தார்கள். சிவனேஸ்வரியும் கூச்சமில்லாமல் துவாயை இடுப்பில் சுற்றிக்கொண்டாள். வதனாவால் அது ஏலாது. கொண்டுவந்த பழைய நூல் சீலைத் துண்டை மாருக்கு மேல் இறுக்கிக் குறுக்குக்கட்டுக் கட்டிக்கொண்டாள். கிணற்றடிக்குப் போறியோ என்று சிவனேஸ்வரி பகிடி பண்ணினாள்.

சூட்டறைகள் ஒன்றுக்குப் பின் ஒன்றாக இருந்தன. போகப்போகச் சூடு ஏறியது, வெளிச்சம் குறைந்தது, பேச்சுச் சத்தமும் தேய்ந்தது. இரண்டாவது அறையிலேயே சிவனேஸ்வரி சாய்கதிரையில் கண்ணை மூடிவிட்டாள். கடைசியில் நீராவி அறை. தடித்த மரக்கதவு. வெளிப்பக்கத்தில் முன்பு தாழ்ப்பாள் இருந்த இடத்தில் ஆணி ஓட்டைகள் மட்டும் இருந்தன. வதனா கதவைத் திறந்து பார்த்தாள், மூடிப் பார்த்தாள், மறுபடி திறந்தாள். அது சொன்னபடி கேட்டது. உள்ளே போனாள்.

வெள்ளை ஆவி. முன்னால் நீட்டிய கை தெரியவில்லை. யூகலிப்டஸ் வாசம் மூக்கில் ஏறியது. அதற்கு அடியில் இன்னொரு மணம் இருந்தது, நிலக்கரிப் புகையின் மணம். எங்கோ சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது.

மெல்ல ஆவி விலகியபோது, சுவரோரம் குந்தக் கட்டிய படிகளின் மேல்படியில் ஒருத்தி இருந்தாள்.

அவளும் குறுக்குக்கட்டுக் கட்டியிருந்தாள்.

வதனாவுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. இத்தனை வெள்ளைத் தோலுக்குள்ளே நம்மாள் ஒருத்தி. குறுக்குக்கட்டு ஒன்றே போதும், வேறு அத்தாட்சி வேண்டாம். யாழ்ப்பாணத்துக் கிணற்றடியில் யார் எவர் என்று விசாரித்துவிட்டா முதுகு காட்டுகிறோம்? பக்கத்தில் குளிப்பவள் நம் முதுகைத் தேய்த்துவிடுவாள், நாம் அவள் முதுகைத் தேய்த்துவிடுவோம். அவள் தேய்த்த பிறகு நாம் மாட்டேன் என்று எழும்பிப் போகும் வழக்கம் மட்டும் கிடையாது. அந்தப் பழக்க தோஷத்தில், இருக்கும் இடத்தை மறந்து, வதனா கேட்டுவிட்டாள்.

"அக்கா, முதுகை ஒருக்கால் தேய்ச்சு விடுறியளோ?"

"ஓம், திரும்பு தங்கச்சி."

அந்தக் கை பட்டதும் வதனாவுக்கு உடம்பெல்லாம் சில்லிட்டது. கொதிக்கிற அறையில் அப்படி ஒரு குளிர்ந்த கை. ஆனாலும் இதமாக இருந்தது. கழுத்தடியிலிருந்து இடுப்பு வரை அவசரமில்லாமல் தேய்த்தது. கலியாணம் கட்டி வந்த பிறகு அவளை யாரும் அப்படி ஆறுதலாகத் தொட்டதில்லை. அவளுக்கு அழுகை வந்தது. அழுதாள்.

"பூட்டுறவரோ?" என்று பின்னாலிருந்து குரல் கேட்டது.

வதனாவின் அழுகை நின்றது.

"ஆர் அக்கா?"

"குழாய்ப் பிடியையும் கழட்டிக்கொண்டு போறவரோ?"

அதை வதனா யாரிடமும் சொன்னதில்லை. பெற்ற தாயிடம்கூடச் சொன்னதில்லை.

கை நின்றது. இனி என்ரை முதுகு என்றது குரல்.

வதனா திரும்பினாள். அந்தப் பெண் கூந்தலை முன்னால் ஒதுக்கிவிட்டுக் குனிந்து இருந்தாள். எழும்பி ஓட வேண்டும் என்று வதனாவின் கால் சொன்னது. ஆனால் தேய்த்து விட்டவளுக்குத் தேய்க்காமல் எப்படி ஓடுவது? கையை நீட்டி அவள் முதுகில் வைத்தாள்.

தோல் பாலாடை போலக் கையோடு வந்தது.

வதனா தன் கையை எடுக்கப் பார்த்தாள், அது வரவில்லை. அந்தப் பெண் நோகாதவள் மாதிரிக் கதைத்துக்கொண்டிருந்தாள். குரலில் அழுகை இல்லை. கோபம் மட்டும் இருந்தது, பழைய கோபம்.

புருஷனுக்கு இங்கே போய்லரில் கரி போடும் வேலை என்றாள். ஒருநாள் அவனுக்குச் சோறு கொண்டு வந்தாளாம். வாசலில் நின்ற ஒருவன் வழி கேட்க, சிரித்துப் பதில் சொன்னாளாம். அந்தச் சிரிப்புக்காகத்தான் புருஷன் அவளை இந்த அறைக்குள் விட்டுத் தாழ்ப்பாள் போட்டானாம். பிறகு கீழே போய்க் கரியை அள்ளி அள்ளிப் போட்டானாம்.

"நான் டென்மார்க் போகேல்லைத் தங்கச்சி," என்றாள். "நான் கீழை அடுப்புக்குள்ளைதான் போனனான்."

வதனாவுக்கு எல்லாம் விளங்கியது. றோஸ்மலர் என்ற பெயரை அவள் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அதே நேரத்தில் வாசல் பக்கம் ஒரு ஆண் குரல் கேட்டது. சந்திரவதனா என்று முழுப்பெயரையும் சொல்லிக் கூப்பிட்டது. கோபம் வந்தால்தான் செல்வரத்தினம் முழுப்பெயர் சொல்லுவான். நடந்தது பிறகு தெரிய வந்தது. கிங்ஸ்பரிச் சிநேகிதன் வீட்டில் இல்லை. திரும்பி வந்த செல்வரத்தினத்திடம், சிவனேஸ்வரியின் புருஷன் பாலேந்திரா ஒன்றும் அறியாமல் குளியல் கூடத்தின் தெருப் பெயரைச் சொல்லியிருக்கிறார். அந்தப் பெயரைக் கேட்டதும் அவன் முகம் செத்துப்போனது என்று பாலேந்திரா பின்னால் சொன்னார். டாக்சி பிடித்து ஓடி வந்திருக்கிறான். பெண்கள் நாள், உள்ளே விட மாட்டேன் என்று கிழவி வழி மறித்திருக்கிறாள்.

குரல் அடங்கியது.

"போகமாட்டார்," என்றாள் றோஸ்மலர். "கரிக்காரருக்கு ஒரு பின்வாசல் இருக்கு."

சுவருக்கு அடியிலிருந்து இரும்புப் படியில் சப்பாத்துச் சத்தம் ஏறி வந்து, மரக்கதவுக்கு வெளியே நின்றது.

வதனா கையைப் பிடுங்கிக்கொண்டு சுவரோடு ஒட்டிக்கொண்டாள். இனி ரொறன்ரோவில் அந்தக் குளியலறை. இந்த முறை அவன் திறக்கமாட்டான்.

கதவு திறந்தது.

செல்வரத்தினம் கோட்டும் சப்பாத்துமாக ஆவிக்குள் வந்தான். கைக்கெட்டும் தூரத்தில் சுவரோடு நின்ற பெண்சாதியை அவன் காணவில்லை. மேல்படியில், முதுகு காட்டி, குறுக்குக்கட்டோடு ஒருத்தி குந்தியிருப்பதைத்தான் கண்டான்.

"எழும்படி. வீட்டை வா, உனக்கு இருக்கு," என்று அவள் தோளைப் பிடித்தான்.

அவள் திரும்பினாள்.

வதனா அந்த முகத்தைப் பார்க்கவில்லை. அதற்குள் திறந்த கதவால் நழுவி வெளியே வந்துவிட்டிருந்தாள். கதவு தானாக மூடியது. உள்ளே ஒரு கணம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு கதவில் முதல் அடி விழுந்தது.

"வதனா, திற."

பூட்டில்லாத கதவு. தாழ்ப்பாளில்லாத கதவு. பித்தளைப் பிடி அவள் கைக்குப் பக்கத்தில் பளபளத்தது. திறந்தால் அவன் வெளியே வருவான். வந்தால் என்ன நடக்கும் என்பது அவளுக்குத் தெரியும். உள்ளே ஒருத்தி வெந்து செத்தாளே, அவளை ஓடுகாலி என்று ஊரெல்லாம் சொல்லவிட்டு இவன் அன்னதானத்துக்கு முன்னால் நின்றானே என்று நினைக்க நினைக்க வதனாவுக்குப் பயம் போய், வாழ்நாளில் வராத ஆத்திரம் வந்தது.

திரும்பி நின்று, கதவுக்கு முதுகைக் கொடுத்து, காலை ஊன்றிக்கொண்டாள்.

அவன் இடித்தான். தோளால் மோதினான். சாமான் தூக்கிப் பழகிய உடம்பு. கதவு மயிரிழையும் அசையவில்லை. தனக்கு இவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது என்று வதனா அதிசயப்பட்டாள்.

முதலில் அதட்டினான். பிறகு கெஞ்சினான். வதனா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவன், கடைசியில் றோஸ்மலர் என்று கூப்பிட்டான். மலர், மலர், தெரியாமல் செய்திட்டன் என்றான்.

பிறகு நகத்தால் பிறாண்டும் சத்தம் மட்டும் கேட்டது.

பிறகு அதுவும் இல்லை.

மரண விசாரணையில் பெரிய சிக்கல் ஒன்றும் வரவில்லை. பெண்கள் நாளில் திருட்டு வழியாக உள்ளே நுழைந்த ஆண். சூடு தாங்காமல் இருதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர். அவன் முதுகுத் தோல் முழுதும் உரிந்திருந்ததற்குத்தான் காரணம் சொல்ல முடியவில்லை. கரி அடுப்பை எடுத்துவிட்டுக் காஸ் போட்டு வருஷங்கள் ஆகிவிட்டன, அந்த அறையில் அவ்வளவு சூடு வர வழியே இல்லை என்று கவுன்சில் ஆட்கள் சத்தியம் பண்ணாத குறை. கதவு பழசு, ஆவியில் ஊறி இறுகியிருக்கும் என்று எழுதி முடித்தார்கள். தான் நித்திரையாய் இருந்ததாகச் சிவனேஸ்வரி சொன்னாள்.

விசாரணை முடிந்து திரும்பும்போது பஸ்ஸில் கூட்டமில்லை. வதனா இரண்டு பேர் இருக்கும் சீட்டில் நடைபாதை ஓரமாக இருந்தாள். சிவனேஸ்வரி எதிர்ப்பக்கம் இருந்து கைப்பையைப் பிசைந்துகொண்டே வந்தாள். கோயில் தெருவைத் தாண்டியதும் அவளால் அடக்க முடியவில்லை. குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் பேசினாள்.

"நான் நித்திரை கொள்ளேல்லை வதனா. சத்தம் கேட்டு எழும்பி வந்து எல்லாம் பாத்துக்கொண்டுதான் நிண்டனான். அந்த மனிசனுக்காக நான் வாய் திறக்கமாட்டன், நீ அதுக்குப் பயப்பிடாதை. ஒண்டு மட்டும் சொல்லு. உன்னைப் போலை குறுக்குக்கட்டோடை, உனக்குப் பக்கத்திலை நிண்டு கதவுக்கு முதுகு குடுத்துக்கொண்டிருந்த அந்தப் பிள்ளை ஆர்?"

வதனா அவளைப் பார்த்தாள். மெல்ல எழும்பி, சன்னலோரத்துக்கு நகர்ந்து இருந்து, பக்கத்தில் இடம் விட்டாள்.

வெறும் சீட்டு மெதுவாக அமுங்கியது. மனோர் பார்க்கில் அவர்கள் இறங்க எழும்பும் வரைக்கும் அது அமுங்கியபடியே இருந்தது.