பௌர்ணமிக்கு லீவு

"ஜுரம்னு சொல்லி அனுப்பினீங்களே... இதான் அந்த ஜுரமா?"

ஏரிக்கரையில் வேகமாக நடந்துகொண்டிருந்த உமாபதி அப்படியே நின்றுவிட்டான்.

ரேணுகாம்பாளுக்கு ஆத்திரம் பொங்கியது. அத்தை வீட்டு வளைகாப்புக்குத் தென்னேரி வந்தவள், மழை விட்டதும் பஸ்ஸுக்குக் கிளம்பிய இடத்தில் இவன் எதிரே வருவானென்று யார் கண்டது?

காஞ்சிபுரத்தில் அவள் அப்பாவின் தறியில் நெய்கிறவன் உமாபதி. அவன் சேலையின் உடல் பாகத்தை நெய்ய, பக்கத்தில் உட்கார்ந்து அவள் கரைக்கு நூலோட்டும் கரை நாடாவைப் போட வேண்டும். இருவரில் ஒருவர் இல்லாவிட்டாலும், உடலையும் கரையையும் கோத்து நெய்யும் கோர்வைச் சேலை ஒரு விரற்கடை நகராது. ஊரில் எல்லாத் தறிக்கும் அமாவாசைக்கு லீவு. இந்த மகாராஜன் மட்டும் பௌர்ணமிக்கும் சேர்த்துக் காணாமல் போவான்! அக்காவின் முகூர்த்தச் சேலை பாதியில் கிடக்கிறது. "நாளைக்கு வரட்டும், அனுப்பிட்டு வேற ஆளைப் போட்டுடறேன்" என்று காலையில்தான் அப்பா கத்தினார்.

வேற ஆள்... மழையில் கழுவிய புளியங்கொட்டைபோல் மின்னும் இந்தக் கண்கள் பக்கத்தில் இல்லாமல்... சீ, என்ன நினைப்பு!

"உங்களுக்காக அப்பாகிட்ட எவ்ளோ பொய் சொல்லிக்கினு இருக்கேன் தெரியுமா?"

"ரேணு, கெஞ்சிக் கேக்கறேன்... இருட்டறதுக்குள்ள போய்டுங்க."

"மாட்டேன். காரணம் சொல்லுங்க!"

"சொல்லக்கூடியதா இருந்தா..."

கிழக்கே மேகம் விலகியது. ஏரித் தண்ணீரில் முழுநிலா மிதந்தது. உமாபதி மண்டியிட்டு விழுந்தான். முதுகு வளைந்தது... சட்டை கிழிந்தது... மறுநிமிஷம் அவன் வேட்டியில் சிக்கிக்கொண்டு தவித்தது ஒரு சாம்பல் நிற ஓநாய்!

ரேணு இரண்டடி பின்வாங்கினாள். ஓநாய் அவளைப் பார்க்கக் கூசித் தலையைத் தொங்கப்போட்டது. அதே கண்கள்...

"இதை முன்னாடியே சொல்லித் தொலைச்சா என்ன?" என்று கத்திவிட்டு, பஸ்ஸை நோக்கி ஓடினாள்.

மறுநாள் காலை மனிதனாக வந்தான் உமாபதி. தோளில் துணிப்பை. நெய்கிறவர் கால் தொங்கவிட்டு உட்காரும் தறிக்குழியில் இறங்கவில்லை.

"நான் கிளம்பறேங்க."

"போயேன்பா, இங்க யாரு புடிச்சிக்கினு இருக்காங்க?" என்றார் அப்பா வீரபத்திரன்.

ரேணு குறுக்கே வந்து நின்றாள். "அப்பா, இனிமே நம்ம தறிக்குப் பௌர்ணமியிலதான் லீவு. அமாவாசையில நெய்வோம்."

"இன்னாம்மா உளர்றே? அமாவாசையில தறிச் சத்தம் கேட்டா தெருவே சிரிக்கும்!"

"சிரிக்கட்டும். அக்காவுக்குச் சேலை வேணுமா, வேணாமா?"

அப்பா தலையிலடித்துக்கொண்டு வெளியே போனார்.

"என்னைப் பார்த்தா பயமா இல்லியா?" என்றான் உமாபதி மெல்ல.

"பயமா? எரிச்சலா இருக்குது! ரெண்டு மாசமா நீங்க எவளையோ பார்க்கத்தான் ஓடறீங்கன்னு நெனச்சிக்கினு, ராத்திரியெல்லாம் தூங்காம..."

நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவன் முதல்முறையாக நேருக்கு நேர் அவளைப் பார்த்தான்.

"நிலாவுக்கு நான் பயந்ததே இல்ல, ரேணு. உங்களுக்குத் தெரிஞ்சா நீங்க எழுந்து போய், உங்க இடத்துல வேற யாராவது வந்து உக்காந்துடுவாங்களேன்னுதான் பயந்தேன். நீங்க இல்லாத தறியில என்னால உக்கார முடியாது."

அவள் அவன் தோளிலிருந்து பையைப் பிடுங்கி மூலையில் எறிந்தாள்.

"மொதல்ல குழியில எறங்குங்க..." தன் இடத்தில் உட்கார்ந்து கரை நாடாவைக் கையில் எடுத்தாள். "என்னாலயும் முடியாது."