ஏழாவது மேசை

“ஒண்ணுகூடப் பிசகல சார். இருபது மேசை, இருபது விடை. அன்னைக்குக் கூடத்துல என்ன இருந்துச்சோ, அப்படியே இந்தக் காகிதத்துல இருக்கு. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?”

மருத்துவக் கல்லூரி முதல்வர் துண்டுக் காகிதத்தைத் தள்ளினார். உடற்கூறு செய்முறைத் தேர்வுக்கு மறுநாள் அது குப்பைக் கூடையில் கிடைத்ததாம். துப்பறிவாளர் படித்துவிட்டு, பக்கத்தில் இருந்த தன் மச்சினனிடம் நீட்டினார்.

பக்கத்து உடற்கூறு கூடத்திலிருந்து மருந்து நெடி கதவிடுக்கு வழியே கசிந்துகொண்டிருந்தது. மச்சினன் மூக்கைப் பொத்திக்கொண்டான். பார்வையை முதல்வரின் மேசைமேல் திருப்பினான். அங்கே ஒரு புகைப்படம்: எலும்புக்கூட்டின் அருகே வெள்ளை அங்கியில் முதல்வரின் மகள். படம் எடுத்த நொடியில் கண்ணை இறுக மூடியிருந்தாள்.

“தேர்வு நடத்துறது ஒரு வெளிநாட்டுப் பேராசிரியை. எந்த மேசையில எந்த உறுப்புங்கிற கேள்விப் பட்டியல் அவங்க கல்லூரியிலேருந்து ரெண்டே பேருக்குத்தான் வரும்,” என்றார் முதல்வர். “எனக்கும், உறுப்புகளை எடுத்து வைக்கிற அட்டெண்டருக்கும். வெளியாள் விசாரிக்கணும்னு அவங்க கேட்டதால உங்களைக் கூப்பிட்டேன். இவரைக் கூட்டிட்டுப் போகப் போலீஸ் கீழே காத்திட்டிருக்கு.”

அட்டெண்டர் கதவோரம் நின்றிருந்தார். இருபத்திரண்டு வருடம் பிணங்களோடு பழகியவர். இப்போது அவர் முகத்திலும் ரத்தமில்லை.

“அத்தான், ஆள் முழியே சரியில்லை,” என்று கிசுகிசுத்தான் மச்சினன்.

“உன் முழி மட்டும் என்ன வாழுதாம்? சும்மா இரு.” துப்பறிவாளர் அட்டெண்டரிடம் திரும்பினார். “அண்ணே, உங்க வலது கையில என்ன கட்டு?”

அட்டெண்டர் தயங்கினார். “கண்ணாடி கிழிச்சிருச்சுங்க. தேர்வன்னைக்குக் காலையில ஏழு மணிக்கு ஏழாம் மேசை ஜாடி கைதவறி உடைஞ்சிருச்சு. நுரையீரல் வீணாப்போச்சு. வெள்ளைக்கார அம்மா திட்டல. அதுக்குப் பதிலா ஒரு கல்லீரலை வைக்கச் சொன்னாங்க. வெளியே சொன்னா வேலை போயிடும்னு இருந்துட்டேன்.”

மச்சினன் காகிதத்தைப் பார்த்தான். ஏழாவது வரியில் நுரையீரல் என்றே இருந்தது.

“உங்களுக்கு இது தெரியாதா சார்?” துப்பறிவாளர் முதல்வரைக் கேட்டார்.

“எப்படித் தெரியும்? தேர்வன்னைக்கு உள்ளூர் ஆசிரியர் யாரும் கூடத்துக்குள்ள போகக்கூடாதுன்னு ஒப்பந்தம்.”

“அதான். ஜாடி உடைஞ்சது காலை ஏழு மணி, தேர்வு பத்து மணி. இவர் பட்டியலை வித்திருந்தா, மூணு மணி நேரத்துல ‘ஏழு மாறிடுச்சு’ன்னு சொல்லியிருக்க மாட்டாரா? காகிதம் குடுத்தவருக்கு மாத்தினது தெரியாது. தெரியாத ஒருத்தர்தான் கொஞ்ச நேரம் முந்தி ‘ஒண்ணுகூடப் பிசகல’ன்னு சொன்னார்.”

கூடத்தில் ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் மச்சினனின் முதுகுத்தண்டில் ஒவ்வொரு சொட்டாக இறங்கியது.

துப்பறிவாளர், பேராசிரியை முத்திரையிட்டு விட்டுப்போன விடைத்தாள் கட்டை எடுத்தார். “அவங்க அனுமதியோட காலையிலேயே பிரிச்சுப் பார்த்தேன். நாற்பது பேர். முப்பத்தொன்பது பேர் ஏழாவதுக்குக் கல்லீரல்னு எழுதியிருக்காங்க. ஒரே ஒரு தாள்ல, கண்ணு முன்னாடி கல்லீரல் கிடக்க, நுரையீரல்னு எழுதியிருக்கு. தேர்வு எண் முப்பத்தொன்று.”

முதல்வர் பெயர்ப் பட்டியலைத் தேடவே இல்லை. அவருக்கு அந்த எண் தெரிந்திருந்தது.

“கல்லீரலையும் நுரையீரலையும் பிரிச்சுப் பார்க்கத் தெரியாதவங்களா, அத்தான்?” மச்சினனால் அடக்க முடியவில்லை.

“பார்த்தாத்தானே பிரிக்க முடியும்? வரும்போதே அந்தப் பிள்ளையை வரச்சொல்லிட்டு வந்தேன்.”

கதவு திறந்தது. புகைப்படத்துப் பெண். கூடத்தைக் கடந்துதான் வந்திருக்க வேண்டும். சுவரைத் தடவித் தடவி வந்ததில் அங்கியின் கைமுழுக்கச் சுண்ணாம்பு. அப்போதுதான் மெல்லக் கண் திறந்தாள்.

“உன் நல்லதுக்குத்தானேம்மா குடுத்தேன்...” முதல்வரின் குரல் உடைந்தது. “இன்னும் நாலே வருஷம். அப்புறம் நீ டாக்டரும்மா.”

மகள் அட்டெண்டரின் கட்டுப்போட்ட கையைப் பார்த்தாள். கீழே போலீஸ் வண்டியின் கதவு சாத்தும் சத்தம். படிக்கட்டில் பூட்ஸ் ஒலி.

“அவங்ககிட்ட நீங்களே போய் நடந்ததைச் சொல்லிடுங்கப்பா. என்னை இனிமே அந்தக் கூடத்துக்குள்ள அனுப்பாதீங்கப்பா.”