அறியாமைச் சான்றிதழ்

காலை எட்டே முக்காலுக்குப் பள்ளி வாசலில் பிள்ளைகள் வரிசையாக நின்று ஊதிக்கொண்டிருந்தார்கள். மூச்சுமானி என்கிற அந்தச் சின்னக் குழலில் ஒரு தரம் ஊதினால் வருகை பதிவாகிவிடும். "உள்ளேன் டீச்சர்" என்று சொல்கிற வழக்கமெல்லாம் போய் ஆறு வருடமாகிறது. தூத்துக்குடி உப்பளங்களை ஒட்டிய அந்த நடுநிலைப் பள்ளியில் ஒரு பிள்ளைகூட ஊதாமல் உள்ளே போனதில்லை. மாவட்டத்திலேயே அதிக வருகைக்காக மூன்று வருடம் தொடர்ந்து கேடயம் வாங்கிய பள்ளி அது. தலைமையாசிரியர் குணசீலன் மூன்றையும் தன் மேசைமேல் வரிசையாக வைத்திருந்தார். கோப்பு வைக்க இடமில்லாமல் போனதில் அவருக்கு வருத்தம் ஒன்றுமில்லை.

ஜெசிந்தா வரிசையைக் கவனிக்கவில்லை. கையிலிருந்த திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பாள் என்றாலும் அவளுடைய பதவி காப்பீட்டு ஆசிரியை என்பது. மருத்துவக் காப்பீடு இல்லாத பிள்ளைகளைத் தேடிப் பிடித்து, வீட்டாருக்குக் கட்டுப்படியாகிற ஒரு காப்பீட்டில் சேர்த்துவிட வேண்டும். இந்த வருடம் அறுநூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் மனுப் போட்டிருந்தாள். பதில் வந்துவிட்டது. ஐந்நூற்று எண்பத்தொன்பது பேருக்கு ஒரே வாசகம்: 'நோய் வராது. காப்பீடு தேவையில்லை.' இருபத்திரண்டு பேருக்கு வேறொன்று: 'நோய் உறுதி. உறுதியானது இடர் ஆகாது. காப்பீடு பொருந்தாது.'

நான்கு தரம் படித்தாள். தமிழ்தான். தனித்தனியாக ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. சேர்த்துப் படித்தால்தான் தலை சுற்றியது.

இத்தனைக்கும் இந்த ஏற்பாடு பிள்ளைகளின் நன்மைக்காக வந்தது. அவர்கள் தினமும் ஊதுகிற மூச்சு ஊழ்க்கணிக்குப் போகும். அந்தப் பெரிய கணிப்பொறி மூச்சிலுள்ள வாயுக்களைப் பிரித்துப் பார்த்து, அடுத்த பத்து வருடத்தில் இந்தப் பிள்ளைக்கு என்னென்ன நோய் வரும் என்று சொல்லிவிடும். வராத நோய்க்கு ஏழைகள் எதற்காகத் தவணை கட்ட வேண்டும் என்று கேட்டார்கள். நியாயமாகத்தான் பட்டது. முதல் வருடம் தவணை பாதியானது, அடுத்த வருடம் கால்வாசி. ஜெசிந்தா வீடு வீடாகப் போய்ப் பெருமையோடு சொன்னாள். தினமும் தவறாமல் ஊத ஊத ஊழ்க்கணிக்கு இந்தப் பள்ளிப் பிள்ளைகளைப் பற்றித் துல்லியமாகத் தெரிந்துகொண்டே வந்தது. மூன்றாம் வருடம் தவணையே இல்லை. காப்பீடும் இல்லை.

இருபத்திரண்டு பெயர்களில் கனிச்செல்வியின் பெயரும் இருந்தது. ஆறாம் வகுப்புக்காரி. மாடி ஏறுவதற்குள் இரண்டு தரம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். இதய வால்வு ஒன்றில் பழுது, பதினான்கு மாதத்துக்குள் அறுவைச் சிகிச்சை செய்யாவிட்டால் பிழைப்பது கடினம் என்று ஊழ்க்கணி சொல்லியிருந்தது. அவளுடைய அம்மா முத்துப்பேச்சி உப்பு வாரப் போகிறவள். அந்தச் சிகிச்சைக்கு ஆகிற செலவை ஆயுள் முழுக்க வாரினாலும் அவளால் சேர்க்க முடியாது.

மதியம் முத்துப்பேச்சி வந்தாள். முழங்கால் வரை உப்பு பூத்திருந்தது. ஜெசிந்தா விளக்கப் பார்த்தாள். விளக்க விளக்கத் தனக்கே விளங்காமல் போனது.

"சீக்கு இருக்குன்னு தெரிஞ்சுதான டீச்சர் இன்சூரன்ஸ் கேக்கோம்?" என்றாள் முத்துப்பேச்சி. "தெரிஞ்சதுனாலயே கிடையாதுங்காவளா?"

ஆமாம் என்று சொல்ல ஜெசிந்தாவுக்கு வெட்கமாக இருந்தது.

காப்பீட்டு நிறுவனத்தை அழைத்தாள். பேசியது இயந்திரக் குரல்தான் என்றாலும் மனிதர்களைவிடப் பணிவாகப் பேசியது. நோய் வருமோ வராதோ என்கிற ஐயத்துக்குப் பெயர்தான் இடர் என்றும், நிறுவனம் விற்பது அந்த ஐயத்துக்கான காவலை மட்டும்தான் என்றும், நோய் உறுதியான பிள்ளையிடமும் ஐயமில்லை, வராதென்று உறுதியான பிள்ளையிடமும் ஐயமில்லை என்றும் பொறுமையாகச் சொன்னது. அப்படியானால் யாருக்குத்தான் கொடுப்பீர்கள் என்று கேட்டாள். தெரியாதவர்களுக்கு, என்றது.

அப்போதுதான் விட்டுப்போன ஒருத்தியின் நினைவு வந்தது. அறுநூற்றுப் பன்னிரண்டில் ரோஸ்லின் என்ற ஒருத்திக்கு மட்டும் அட்டை வந்திருந்தது. எல்லா நோய்க்கும் காப்பு, தவணையோ மிகக் குறைவு. லாரி ஓட்டுகிற அப்பாவோடு வடக்கே சுற்றிக்கொண்டிருந்ததில் அந்தப் பிள்ளை வருடத்தில் ஒன்பது நாள்தான் பள்ளிக்கு வந்திருந்தாள். ஒன்பது மூச்சை வைத்து ஊழ்க்கணியால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. பிள்ளையை ஒழுங்காக அனுப்பக் கூடாதா என்று அந்த வீட்டாரிடம் ஜெசிந்தாவே மூன்று முறை சண்டை போட்டிருக்கிறாள். நினைத்ததும் சிரிப்பு வந்தது, பிறகு அழுகை வரும்போல இருந்தது.

சட்டத்தைப் புரட்டினாள். பெற்றோர் கேட்டால் பிள்ளையின் மூச்சுப் பதிவுகளை அழித்துவிடலாம் என்று ஒரு விதி இருந்தது. கூடவே, இந்தப் பிள்ளையின் உடம்பைப் பற்றிப் பள்ளிக்கு எதுவும் தெரியாது என்று தலைமையாசிரியர் கையொப்பமிட்டுத் தர வேண்டும். அலுவலகத்தில் அதை அறியாமைச் சான்றிதழ் என்றார்கள். யாரும் கேலியாகச் சொல்லவில்லை. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் வரிசையில் அதற்கும் ஓர் எண் இருந்தது.

இருபத்திரண்டு வீட்டாரிடமும் மனு எழுதி வாங்கிக்கொண்டு போய் ஜெசிந்தா நீட்டியதும் குணசீலன் ஆடிப்போனார். பதிவு அழிந்த பிள்ளை இனி ஊதக் கூடாது. ஊதாவிட்டால் வருகை இல்லை. இருபத்திரண்டு பேரும் வகுப்பில் உட்கார்ந்திருப்பார்கள், ஆனால் வராதவர்கள்.

"வந்த பிள்ளைய எப்படிம்மா வரலன்னு போட?" என்று மூன்று தரம் கேட்டார். மூன்றாவது தரம் கேட்கும்போது கேடயங்களைப் பார்த்தபடி கேட்டார். பிறகு கனிச்செல்வியின் தாளை முதலில் இழுத்துக் கையொப்பம் போட்டார்.

மறுநாளிலிருந்து இருபத்திரண்டு பேரும் சத்துணவுக் கூடத்துப் பக்கமாக உள்ளே வந்தார்கள். வகுப்புத் திரையில் வந்தவர்கள் பட்டியல் ஓடும்போது அவர்கள் பேர் வரவில்லை. நான் செத்துப்போய்விட்டேனா என்று கனிச்செல்வி பக்கத்துப் பிள்ளையிடம் கேட்டாளாம். பதினேழாம் நாள் அட்டைகள் வந்தன. முத்துப்பேச்சி தன் மகளுடையதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மகள் பெயர் அச்சில் வந்த முதல் பொருள் அது என்றாள். ஜெசிந்தாவுக்கு இத்தனை வருட வேலையில் அன்றைக்குத்தான் முழுச் சந்தோஷம்.

அடுத்த திங்கட்கிழமை மூவரும் நகரத்து இதய மருத்துவமனைக்குப் போனார்கள். டாக்டர் அட்டையை வாங்கிப் பார்த்தார். திரையைத் திறந்தார், கனிச்செல்வியைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. மேசையிலிருந்த செவிமானியை எடுத்தார், அவள் நெஞ்சருகே கொண்டுபோனார், அங்கேயே நிறுத்திக்கொண்டார். அவர் பார்த்தது முத்துப்பேச்சியை அல்ல, ஜெசிந்தாவை.

"இத வச்ச நிமிஷமே இது கேக்கறது ஊழ்க்கணிக்குப் போயிரும் டீச்சர். அதுக்குத் தெரிஞ்சிட்டா உறுதின்னு ஆயிரும். அதோட இந்த அட்டை செல்லாது."

வெறும் காதை வைத்துக் கேட்கக் கூடாதா என்றாள் ஜெசிந்தா. கேட்கலாம், ஆனால் அறுக்க வேண்டுமென்றால் எழுத வேண்டுமே என்றார் அவர். அப்படியானால் இந்த அட்டையைக் கொண்டு எந்த நோயைத்தான் பார்ப்பது என்று கேட்டாள்.

"ரெண்டு மாசமா நானும் அதத்தான் யோசிக்கேன்," என்றார் டாக்டர். அவர் முகத்திலும் பரிகாசம் இல்லை.

ஒரு வழி இருப்பதாகச் சொன்னார். பார்த்து எழுதிவிட்டால் அட்டை போகும். ஆனால் இலவச அறுவைச் சிகிச்சை வரிசையில் பெயர் சேரும். அதில் முன்னால் ஆயிரத்துக்கும் மேல் ஆட்கள் இருக்கிறார்கள். பதினான்கு மாதத்துக்குள் முறை வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம். பார்க்காமல் அனுப்பினால் அட்டை அப்படியே இருக்கும், வருடா வருடம் புதுப்பித்துக்கொள்ளலாம்.

கனிச்செல்வி சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டு, கழற்றியதே தப்போ என்பதுபோல் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பாருங்க சார்," என்றாள் ஜெசிந்தா.

முத்துப்பேச்சி சட்டென்று எழுந்து மகளின் சட்டையைச் சேர்த்துப் பிடித்தாள். "வேண்டாம் சார். கார்டு போயிரும்."

"முத்துப்பேச்சி, சொல்றதக் கேளுங்க. பிள்ளையப் பாக்கட்டும்."

"நீங்கதான டீச்சர் அலையா அலைஞ்சு வாங்கிக் குடுத்திய? இப்ப நீங்களே அதக் கெடுக்கச் சொல்லுதிய. எனக்கு ஒண்ணும் விளங்கல." அவள் குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே கேட்டாள். பதிலுக்காகக் கொஞ்ச நேரம் நின்றும் பார்த்தாள்.

முத்துப்பேச்சி மேசையிலிருந்த அட்டையை எடுத்து, பாலித்தீன் உறைக்குள் பத்திரமாகப் போட்டு, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே போனாள்.

டாக்டர் செவிமானியைக் கீழே வைத்துவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டார். ஜெசிந்தாவின் பள்ளிப் பிள்ளை ஒன்று அம்மாவோடு உள்ளே வந்தது. அந்த அம்மாவின் கையிலும் புது அட்டை இருந்தது. டீச்சரைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்து, இரண்டு கையையும் சேர்த்து வணக்கம் சொன்னாள்.