நாவடி வில்லை

சீரிஸில் காலை ஆறு மணி என்பது வெறும் கடிகாரக் கணக்கு. அந்தக் குட்டிக் கோள் ஒன்பது மணி நேரத்துக்கு ஒருமுறை தன்னைத்தானே சுற்றிவிடுவதால், மனிதர்களின் ஒரு நாளுக்குள் சூரியன் இரண்டு மூன்று தரம் உதித்து மறைந்துவிடும். எந்த உதயத்தையும் நம்பாமல், மணி ஆறானதும் பிரகாசி மச்சாது மருந்தகத்துக்குப் போவாள். உடம்பு எகிறிப் போகாதபடி இடுப்புப் பட்டையைச் சுவரில் மாட்டிக்கொண்டு, ஓர் இயந்திரத்திடம் நாக்கைத் தூக்கிக் காட்டுவாள்.

இயந்திரம் தன் மெல்லிய விரலால் நாக்கின் அடியில் ஒரு வெள்ளை வில்லையை வைக்கும். அது கரைவதற்குப் பத்து நிமிடமாவது ஆகும். அதுவரை பேசக்கூடாது, விழுங்கக்கூடாது. விழுங்கினால் மருந்து வயிற்றோடு வீணாகிவிடும். கரைந்ததும் வாயைக் கொப்பளிக்க வேண்டும். பல் துலக்க இன்னும் ஒரு மணி நேரம் பொறுக்க வேண்டும். பதினான்கு மாதங்களாக அவளுடைய காலை இப்படித்தான் விடிந்துகொண்டிருந்தது.

நூற்று நாற்பது பேர் பனிக்கட்டி வெட்டிப் பிழைக்கும் அந்தக் குடியிருப்பில் அவளைத் தெரியாதவர்கள் இல்லை. தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தவளை, கைப்பதம் பார்த்துத் தேர்ந்தெடுத்து இங்கே அழைத்து வந்திருந்தார்கள். சீரிஸின் ஈர்ப்பு சொற்பம். கொஞ்சம் வேகமாகத் தரை தொட்டாலும் கலம் பந்துபோல எகிறிவிடும். அதனால் வருகிற கலத்தை எண்பது மீட்டர் நீளமுள்ள பிடிகரம் ஒன்று அந்தரத்திலேயே எட்டிப் பிடித்து, தொட்டிலில் கிடத்துவதுபோல உள்ளே இழுத்து வைக்கும். கலத்தின் மூக்கில் இருக்கும் வழிச்சுடர் என்ற கருவி தன் இருப்பிடத்தை ஓயாமல் சொல்லிக்கொண்டே வரும். அதைக் கேட்டுப் பிடிகரம் தானாகவே வேலையை முடித்துவிடும். வழிச்சுடர் ஊமையாகிப் போகும் நாளுக்காகத்தான் மனிதக் கைகள். பிரகாசியின் கைகள் ஏழு வருடத்தில் அப்படிப்பட்ட பதினோரு கலங்களைப் பிடித்திருந்தன.

இரண்டு வருடத்துக்கு முன் கம்பிவடம் ஒன்று அறுந்து அவள் வலது தோளை நொறுக்கியது. வலி தாங்க வலிப்பட்டை கொடுத்தார்கள். தோலில் ஒட்டிக்கொண்டால் அபின் இனத்து மருந்தை மூன்று நாளைக்கு ரத்தத்தில் கசியவிடும் சிறிய பட்டை. நான்கு மாதத்தில் எலும்பு கூடிவிட்டது. பட்டை மட்டும் போகவில்லை. ஒட்டாத நாளில் குளிர் நடுக்கியது, எலும்புக்குள் எறும்பு ஊர்ந்தது. ஒன்று இரண்டாயிற்று, இரண்டு மூன்றாயிற்று. கிடங்கிலிருந்து திருடவும் செய்தாள். ஒருநாள் உடைமாற்றும் அறையில் உதடு நீலம் பாரித்துக் கிடந்தவளை, அவளுக்கு அடுத்தபடியாகப் பிடிகரம் இயக்கும் முகைதீன்தான் பார்த்தான். டாக்டர் தாட்சாயணி ஓடிவந்து மூக்கில் முறிமருந்தைப் பீய்ச்சியதால் மூச்சு திரும்பியது.

கண் விழித்தவளிடம் டாக்டர் திட்டவில்லை. "இது ஒழுக்கக்கேடு இல்ல பிரகாசி, வியாதி. இதுக்கு வைத்தியம் இருக்கு. செஞ்சுக்கிறியா?" என்று மட்டும் கேட்டார்.

"செய்யுதேன்" என்றாள் அவள், சுவரைப் பார்த்தபடி.

ஆனால் வில்லையை உடனே தரவில்லை. கடைசிப் பட்டையை உரித்து ஒரு நாள் போயிற்று. கொட்டாவி, மூக்கொழுக்கல், மயிர்க்கூச்சு, வயிற்றைப் பிசையும் வலி.

"டாக்டர், குடுத்துருங்க. செத்துருவேன் போலிருக்கு."

"சாக மாட்டே. நான் பக்கத்துலயேதான் இருக்கேன். பழைய மருந்து உடம்புல இருக்கும்போதே இதைக் குடுத்தா, அதை ஒரேயடியா பிடிச்சுத் தள்ளிடும். இப்போ படறதைவிடப் பல மடங்கு படுவே. இன்னும் கொஞ்சம் பொறு."

இன்னும் அரை நாள் பொறுத்தாள். பிறகு முதல் வில்லை. முக்கால் மணி நேரத்தில் நடுக்கம் அடங்கியது. பழைய மிதப்பு வரும் என்று அவள் உள்ளூரக் காத்திருந்தாள், வரவில்லை.

"என்ன டாக்டர், ஒண்ணுமே தெரியலியே?"

"ஒண்ணும் தெரியக்கூடாது. அதுக்குத்தான் இது."

சற்று நேரம் கழித்து அவளுக்குப் பசித்தது. சாப்பிட ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள். சோறும் மிளகுத் தண்ணீரும் கொடுத்தார்கள். தட்டைப் பார்த்து அழுதுகொண்டே சாப்பிட்டாள்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் பெரிய சாகசம் இல்லை; தினம் தினம் நடந்த சின்ன வேலை. முதல் இரண்டு வாரம் அளவைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தார் டாக்டர். வியர்த்துக் கொட்டியது, மலச்சிக்கல் வாட்டியது, தூக்கம் பிடிக்கவில்லை. தூக்கத்துக்காகக் காப்பியை நிறுத்தச் சொன்னார். நிறுத்தினாள், பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. வாரம் ஒருநாள் உட்கார்ந்து பேச வைத்தார். கிடங்கில் திருடியதை எல்லோர் முன்னும் தானே எழுந்து சொன்னாள். ஐந்தாம் மாதம் ஒருமுறை சறுக்கினாள். மறுநாள் தானே வந்து அதையும் சொன்னாள். மற்றபடி ஒரு காலைகூட மருந்தகத்துக்கு வராமல் இருந்ததில்லை. இத்தனை நாளும் அவளுக்குக் கீரைக்கூடத்தில் விதை போடும் வேலை.

பதினான்காம் மாதம் அவள் பிடிகர வேலையைத் திரும்பக் கேட்டு மனு போட்டாள். குடியிருப்பை நடத்தும் கமிட்டியின் தலைவர் ஆராவமுதன் அவளைக் கூப்பிட்டனுப்பினார். நல்ல மனிதர், யாரையும் அதிர்ந்து பேசாதவர். கையில் காப்பிக் குப்பியோடு, அன்றைக்கு மூன்றாவது, அவளை உட்காரச் சொன்னார்.

"உங்க மேல எனக்கு மரியாதை உண்டும்மா. ஆனா ஒண்ணை விட்டுட்டு இன்னொண்ணைப் பிடிச்சிருக்கீங்க, அவ்வளவுதானே? தினமும் ஒரு வஸ்து இல்லாம இயங்க முடியாத ஆளை நம்பி எப்படிக் கரத்தைக் குடுக்கறது? அறுபது நாள்ல அந்த வில்லையை விட்டுடுங்க. கரம் உங்களுக்குத்தான்."

அவள் டாக்டரிடம் போனாள். "அறுபது நாள்ல விட முடியுமா?"

"விடலாம். ஆனா உனக்கா தோணும்போது, மெதுவா குறைச்சு. சில பேருக்கு ஒரு வருஷம், சில பேருக்கு ஆயுசு முழுக்க. கமிட்டி போடற தேதிக்கு உடம்பு கட்டுப்படாது. அவசரமா விட்டுட்டு ஒருநாள் சறுக்கினா, பழைய அளவை உடம்பு தாங்காது. மறுபடி உன்னை எழுப்ப முடியுமான்னு எனக்குத் தெரியாது."

பிரகாசி நெடுநேரம் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழு வருடத்துப் பெருமை அந்தக் கையில்தான் இருந்தது. பிறகு எழுந்து போய்த் தலைவரிடம் சொன்னாள்: "கரம் வேண்டாம் சார். நான் உசுரோட இருக்கணும்."

மனுவை எடுத்துக்கொண்டு கீரைக்கூடத்துக்குத் திரும்பினாள். மறுநாள் ஆறு மணிக்கு வழக்கம்போல மருந்தகத்தில் நின்றாள்.

இரண்டு வாரம் கழித்து ஒரு சூரியப்புயல் அடித்தது. புதன்கிழமை வரவேண்டிய கலம் சனிக்கிழமைக்குத் தள்ளிப்போயிற்று. சாப்பாட்டுக்குக் குறைவில்லை, காற்றுக்கும் குறைவில்லை. காப்பித்தூள் மட்டும் புதனோடு தீர்ந்தது.

சீரிஸின் ஈர்ப்பில் டிகாஷன் சொட்டுச் சொட்டாக இறங்கக் காத்திருந்தால் பொழுது போய்விடும். எனவே நடுக்கூடத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு காப்பிச் சுழலி வைத்திருந்தார்கள். பகல் முழுக்க அது உறுமிக்கொண்டே இருக்கும். வியாழக்கிழமை காலை அது உறுமவில்லை.

மத்தியானத்துக்குள் பாதிப்பேருக்குத் தலை பிளந்தது. வெள்ளிக்கிழமை சுரங்கத்தில் இரண்டு அடிதடி. பதினைந்து வருடம் ஒரே அறையில் குடித்தனம் செய்த தம்பதி தனித்தனி அறை கேட்டு எழுதிக் கொடுத்தார்கள். கீழ்த்தளத்தில் யாரோ பழைய காப்பி வடிதுணியைக் கொதிக்கவைத்துக் குடித்ததாகப் பேச்சு. டாக்டரின் வாசலில் வரிசை நின்றது. வரிசையில் ஆராவமுதனும் நின்றார், நெற்றியில் ஈரத்துணியோடு.

"இது என்ன டாக்டர், விஷக்காய்ச்சலா?"

"இல்ல சார். ரெண்டு மூணு நாள்ல உச்சத்துக்குப் போகும், ஒரு வாரத்துல அடங்கிடும். தண்ணி நிறையக் குடிங்க."

சனிக்கிழமை காலை கலத்திலிருந்து செய்தி வந்தது. புயலில் வழிச்சுடர் கருகிவிட்டது. உள்ளே ஆறு பேர். எரிபொருள் ஒரே ஒரு தரம் நெருங்கி வருவதற்குத்தான் இருக்கிறது. தவறினால் திரும்பி வர வழியில்லை.

முகைதீன் ஒத்திகைத் திரையில் உட்கார்ந்தான். முதல் தரம் கரம் கலத்தின் வயிற்றைக் கிழித்தது. இரண்டாம் தரம் அவன் திரையைப் பார்க்க முடியாமல் ஒரு பைக்குள் வாந்தி எடுத்தான்.

"கண்ணுக்குள்ள ஊசி குத்துது சார். ஆறு உயிரு. என்னால ஆவாது. அக்காவைக் கூப்பிடுங்க."

"அவங்க மருந்து சாப்பிடறவங்க..."

"இங்க தல நிமிந்து நடக்குற ஆளு அவங்க ஒருத்தங்கதான் சார்!"

கீரைக்கூடத்திலிருந்து மண் ஒட்டிய கையோடு பிரகாசி வந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு இருக்கையில் அமர்ந்து இடுப்புப் பட்டையைப் பூட்டினாள். ஒத்திகை கேட்கவில்லை. பதினைந்து மாதத்துக்குப் பிறகு பிடிகரம் அவள் விரல்களுக்குக் கீழே அசைந்தது.

கலம் மெல்லச் சுழன்றபடி வந்தது, நிமிடத்துக்கு ஒரு சுற்று. பிடிக்க வேண்டிய கைப்பிடி வெளிச்சத்துக்கு வந்து நிழலுக்குள் போனது. அவள் பிடிக்கவில்லை.

"விட்டுட்டீங்களே! விட்டுட்டீங்களே!" என்று ஆராவமுதன் கத்தினார்.

"சத்தம் போடாதீங்க சார். எண்ணுதேன்."

கலத்தின் சுழற்சிக்கு ஏற்ப அவள் கரத்தின் நுனியைச் சுற்றவிட்டாள். கரமும் கலமும் ஒரே வேகத்தில் சுழன்றபோது, திரையில் கலம் அசையாமல் நிற்பதுபோலத் தெரிந்தது. தோள் வலித்தது, வலிக்கட்டும் என்று விட்டாள். கைப்பிடி மறுபடி வெளிச்சத்துக்கு வந்தபோது கரத்தின் விரல்கள் அதன்மீது மூடிக்கொண்டன. உள்ளே இருந்த ஆறு பேருக்கும் ஒரு சிறு குலுக்கல்கூடத் தெரியவில்லை என்று பிறகு சொன்னார்கள்.

முகைதீன் இருக்கையின் பின்னால் நின்று ஓசையில்லாமல் அழுதான்.

அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் எல்லோரும் தெளிவாக இருந்தார்கள். சுழலி பக்கத்திலேயே உறுமிக்கொண்டிருந்தது. பிரகாசிக்கு எழுந்து நின்று கைதட்டினார்கள். பிடிகரம் நிரந்தரமாக அவள் பொறுப்பு என்று முடிவாயிற்று. அறுபது நாள் பேச்சை யாரும் எடுக்கவில்லை. நடந்த ஆபத்து இனி நடக்கக்கூடாது என்பதற்காக ஒரு பாதுகாப்பு விதியும் ஏகமனதாக நிறைவேறியது: காப்பித்தூள் இருநூறு நாள் கையிருப்பில் இருக்க வேண்டும், பொறுப்பான இருக்கையில் அமரும் எவரும் பணிக்கு ஒரு மணி நேரம் முன்னதாகக் காப்பி அருந்தியிருக்க வேண்டும்.

திங்கட்கிழமை பிரகாசி இருக்கையில் உட்கார்ந்தாள். புதிதாகப் பொருத்திய உணர்கருவி அவள் மூச்சை முகர்ந்தது. "காப்பி இல்லை. பணிக்குத் தகுதி இல்லை" என்று சொல்லி இருக்கையைப் பூட்டிக்கொண்டது.

விலக்குப் படிவம் ஒன்று இருந்தது. காரணம் என்ற இடத்தில் டாக்டர் தாட்சாயணி 'தேவைப்படவில்லை' என்று எழுதி, சிரிப்பை அடக்கிக்கொண்டு கையெழுத்திட்டார். அதை எடுத்துக்கொண்டு பிரகாசி தலைவரிடம் போனாள்.

ஆராவமுதன் படிவத்தை இரண்டு தரம் வாசித்தார். குப்பியை ஓரமாக வைத்துவிட்டு அவளை ஏறிட்டுப் பார்த்தார். அந்தப் பார்வையில் கள்ளமற்ற வியப்பு இருந்தது.

"காப்பி இல்லாமலேவா? தினமுமா?" என்றார். "எவ்வளவு மன உறுதிம்மா உங்களுக்கு!"